பூட்டிய வீட்டில் பார் திறக்கலாமா?

புடாபெஸ்ட் நகரின் ஏழாம் வட்டத்தில், கசின்சி தெருவில், பாழடைந்து கிடந்த பழைய அடுப்புத் தொழிற்சாலைக்குள் 2004-ல் ஒரு மதுக்கூடம் குடியேறியது. காரை பெயர்ந்த சுவர், கால் ஆடும் நாற்காலி, குளியல் தொட்டியை அறுத்துச் செய்த இருக்கை, திறந்த முற்றத்தில் விளக்குச் சரம். அதைப் பார்க்கவே இன்று உலகம் அங்கே போகிறது. புதுக்கோட்டை மாவட்டத்துச் செட்டிநாட்டு வீடுகளிலும் இப்படிச் செய்தால் என்ன என்ற பேச்சு இங்கேயும் கிளம்பியிருக்கிறது.

ராயவரம், அரிமளம் பக்கம் நடந்தால் அப்படித் தோன்றுவது இயல்புதான். இந்தத் தெருவில் முகப்பு, அடுத்த தெருவில் பின்வாசல், நடுவே பர்மாத் தேக்குத் தூண்கள், கதவில் பூட்டு. கடியாபட்டியில் ஒரு பெரிய வீடு தங்கும் விடுதியாகி, வெளிநாட்டார் வந்து போகிறார்கள். அது நல்ல காரியம்.

பாருக்கு மட்டும் நான் சம்மதிக்கமாட்டேன். பூட்டியிருப்பதாலேயே இந்த வீடுகள் கேட்பாரற்றவை ஆகிவிடவில்லை. நடுமுற்றமான வளவைச் சுற்றியுள்ள அறைகள் கல்யாணமான மகன்களுக்கென்று ஒதுக்கியவை. சென்னையில் இருந்தாலும் சிங்கப்பூரில் இருந்தாலும் கல்யாணத்துக்கும் படைப்புக்கும் பங்காளிகள் அங்கேதான் கூடுகிறார்கள். முன்னோருக்கு இலை போட்டுப் படைக்கும் இடத்தில் பீர் குவளை வைக்க எந்த ஆச்சி ஒப்புவார்? ஒப்பவும் வேண்டாம். வருமானம் வந்தால்தானே வீடு நிற்கும் என்பவர்களும் உண்டு. ஆனால் அந்த வருமானத்தோடு தொல்லையும் வரும்: புடாபெஸ்டிலேயே இரவுச் சத்தம் தாங்காமல், நள்ளிரவுக்குமேல் பார்களை மூடுவதா என்று 2018-ல் அந்த வட்டத்தில் வாக்கெடுப்பே நடந்தது. போதிய பேர் வாக்களிக்க வராததால் அது செல்லாமல் போயிற்று.

குடியைவிட எனக்குப் பெரிய பயம் மழை. ஓர் ஓடு நழுவினால் போதும். தண்ணீர் கைமரத்தில் இறங்கும், மரம் உளுக்கும், முட்டையும் கடுக்காயும் சேர்த்து மெருகேற்றிய சுண்ணாம்புச் சுவர் உப்பி உதிரும். ஓடு மாற்ற ஆள் கூப்பிடுவது யார், கூலி கொடுப்பது யார்? பங்குகள் பெருகிவிட்டன. ஒருவர் சரி என்றால் இன்னொருவர் போனை எடுப்பதில்லை. இரண்டு மழைக்காலம் இப்படிப் போனால் வியாபாரி வந்து தூணுக்கு விலை பேசுவார். கதவு, நிலை, தூண், ஆத்தங்குடிக் கல் எல்லாம் லாரி ஏறிவிடும். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் இத்தகைய நிலைகளும் தூண்களும் விற்பனைக்கு நிற்பதைப் பார்த்து வயிறு எரிந்திருக்கிறேன்.

2014-ல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் செட்டிநாட்டு ஊர்கள் இடம்பெற்றன. பட்டியல் ஓடு மாற்றாது. விடுதியோ, நூலகமோ, நெசவுக்கூடமோ அப்புறம் பேசிக்கொள்ளலாம். பங்காளிகளே, அடுத்த படைப்புக்கு வரும்போது ஆளுக்கொரு தொகை போட்டு, வீட்டுப் பெயரில் வங்கிக் கணக்கு தொடங்குங்கள். ஐப்பசி மழைக்கு முன்னால் கூரைமேல் ஆள் ஏற்றுங்கள்.