ஓட்டத்துக்கும் உதவும் எக்ஸெல்

என் முதல் அரை மாரத்தானை 2 மணி நேரத்தில் முடிக்க நினைத்தேன். முதல் 5 கி.மீ.யை 25 நிமிடத்தில் ஓடினேன். கடைசி 5 கி.மீ. கால் பிடித்துக்கொள்ள, நடந்தே வந்தேன். ஆனது 2 மணி 17 நிமிடம்!

அடுத்த முறை எக்ஸெல் கைகொடுத்தது. ஏ1 செல்லில் இலக்கு நேரம் 2:00:00, பி1 செல்லில் தூரம் 21.0975 என டைப் செய்யுங்கள். சி1 செல்லில் சமக்குறியிட்டு ஏ1/பி1 என அமைத்து என்டர் தட்டுங்கள். 0.00395 என வந்தால் குழம்ப வேண்டாம். எக்ஸெல் நேரத்தை ஒரு நாளின் பகுதியாகவே கணக்கிடும். பார்மட் செல்ஸ் சென்று டைம் தேர்ந்தெடுத்தால் 0:05:41 எனக் காட்டும். இதுவே ஒரு கி.மீ.க்கான நேரம். 5ஆல் பெருக்கினால் 28:26. 15ஆல் பெருக்கினால் 1:25:19.

இதைப் பிரிண்ட் எடுத்து மணிக்கட்டில் ஒட்டிக்கொண்டேன். தொடக்கத்தில் பலர் முந்தினார்கள். நான் வேகம் கூட்டவில்லை. 1:59:20இல் முடித்தேன். உங்கள் இலக்கு வேறா? ஏ1 செல்லை மட்டும் மாற்றுங்கள்.