சம்பளம் 25 ஆயிரம்... சென்னையில் கட்டுப்படியாகுமா?

"வருஷத்துக்கு 3 லட்சம் சம்பளம், சென்னையில் வேலை." ஆஃபர் லெட்டர் வந்ததும் வீட்டில் ஒரே சந்தோஷம்தான். ஆனால் அந்தச் சம்பளத்தில் மாசத்தை ஓட்ட முடியுமா? 'ஓகே' சொல்லும் முன் மொபைலில் கால்குலேட்டரைத் திறங்க. பத்து நிமிஷ வேலைதான்.

கைக்கு வருவது எவ்வளவு?

3 லட்சத்தை 12-ஆல் வகுத்தால் 25,000. ஆனால் அது அப்படியே வங்கிக் கணக்குக்கு வராது. லெட்டரில் 'சி.டி.சி.' என்று இருந்தால், நிறுவனம் உங்களுக்காகக் கட்டும் பி.எஃப்., பணிக்கொடை போன்றவையும் பெரும்பாலும் அதற்குள்ளேயே அடங்கிவிடும்.

அடிப்படைச் சம்பளம் 12,500 என்று வைத்துக்கொள்வோம். நிறுவனத்தின் பி.எஃப். பங்கு 12 சதவீதம், அதாவது 1,500. பணிக்கொடைக்குச் சுமார் 600. உங்கள் பி.எஃப். பங்கு இன்னொரு 1,500. அரையாண்டுக்கு ஒருமுறை பிடிக்கும் தொழில் வரி, மாசக் கணக்கில் சுமார் 200. எல்லாம் போக மிஞ்சுவது ஏறக்குறைய 21,200. பி.எஃப். உங்கள் சேமிப்புதான், ஆனால் இந்த மாச வாடகைக்கு அது உதவாது.

செலவு எவ்வளவு?

ஓர் உதாரணம். உங்கள் நிலவரப்படி எண்களை மாற்றிக்கொள்ளுங்கள்.

- வாடகை (12,000 ரூபாய் வீட்டில் இருவர்): 6,000
- சாப்பாடு: 6,000
- பஸ் பாஸ்: 1,000
- மின்சாரம், தண்ணீர், மொபைல்: 1,200
- மருந்து, துணிமணி, ஊருக்குப் போய்வர: 2,000
- வீட்டுக்கு அனுப்புவது: 5,000

மொத்தம் 21,200. வரவுக்கும் செலவுக்கும் சரியாப் போச்சு! ஒரு நாள் காய்ச்சல் வந்தாலே கடன்தான்.

முதல் மாசம்தான் சவால்

முதல் சம்பளம் வரும் முன்பே அட்வான்ஸ் கொடுக்க வேண்டும். தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறு விதமாக ஒத்துக்கொண்டால் ஒழிய, அட்வான்ஸ் மூன்று மாத வாடகையைத் தாண்டக் கூடாது. மேலே சொன்ன வீட்டுக்கு அது 36,000. உங்கள் பங்கு 18,000. எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் போட்டு, அதை வாடகை அதிகார அமைப்பில் பதிவு செய்வதும் அவசியம்.

எங்கே மிச்சம் பிடிக்கலாம்?

- மாநகரப் பேருந்தின் 1,000 ரூபாய் பாஸில் ஏ.சி. இல்லாத பஸ்களில் மாசம் முழுக்கப் பயணிக்கலாம். மின்சார ரயில் பாதையை ஒட்டி வீடு பார்த்தால் சீசன் டிக்கெட் செலவு இன்னும் குறைவு.
- பெண்களுக்குச் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பயணம் இலவசம். தாம்பரம், கூடுவாஞ்சேரி உள்ளிட்ட இடங்களில் அரசின் 'தோழி' விடுதிகளும் உள்ளன.
- வீட்டு மின் இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். வீட்டு உரிமையாளர் சொல்லும் தொகையை மின் கட்டண ரசீதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

கடைசியா ஒரு கேள்வி

மதுரையில் வீட்டிலிருந்தே 15,000 கைக்கு வரும் வேலை கிடைத்து, உங்கள் செலவு 6,000 என்றால் மிச்சம் 9,000. சென்னையில் வீட்டுக்கு அனுப்ப முடிவதே 5,000தான். அப்படியென்றால் சென்னை வேண்டாமா? அப்படியில்லை. வேலை கற்றுக்கொள்ளவும், இரண்டு வருஷத்தில் சம்பளம் உயரவும் வாய்ப்பு இருந்தால் தாராளமாக வரலாம். ஆனால் கையெழுத்துப் போடும் முன் நிறுவனத்திடம், "பிடித்தம் போக மாசம் கைக்கு எவ்வளவு வரும்?" என்று கேட்டு, பதிலை மெயிலில் வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் கணக்கு அந்த எண்ணிலிருந்துதான் ஆரம்பிக்கணும்.