ஒரே வைஃபை: செல்போனில் பறக்கிறது, கம்ப்யூட்டரில் ஊர்கிறது ஏன்?

நிலக்கோட்டையில் பூ கமிஷன் கடைக் கணக்கிலிருந்து பிள்ளைகளின் கல்லூரி விண்ணப்பம் வரை இப்போது வீட்டு இணையத்தில்தான் ஓடுகிறது. வீட்டில் எல்லாருடைய செல்போனும் டிவியும் ஒழுங்காக வேலை செய்ய, ஒரே ஒரு கம்ப்யூட்டரில் மட்டும் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தால் என்ன செய்வது? பலருக்கும் வரும் சந்தேகங்களுக்கு இங்கே விளக்கம்.

இணைப்பு கொடுத்தவரைக் கூப்பிட்டால், ‘லைன் நல்லாத்தான் இருக்கு சார்’ என்கிறார். உண்மையா?

பெரும்பாலும் உண்மைதான். நீங்களே பார்த்துவிடலாம். முதலில் செல்போனை அந்தக் கம்ப்யூட்டர் மேஜைக்கே கொண்டுவந்து, மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு, வைஃபையில் மட்டும் ஒரு வீடியோவை ஓட்டுங்கள். டேட்டாவை அணைக்காமல் சோதித்துவிட்டு ‘போனில் சூப்பர்’ என்பவர்கள்தான் அதிகம்.

அடுத்தது கம்ப்யூட்டர். கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து, ஆங்கிலத்தில் ‘பிங்’ என்று அடித்து, ஓர் இடைவெளி விட்டு ரூட்டரின் எண்ணை அடியுங்கள். 192.168.1.1 அல்லது 192.168.0.1 என்று அது ரூட்டரின் அடியில் ஒட்டிய ஸ்டிக்கரில் இருக்கும். மறுபடி ஓர் இடைவெளி, சிறு கோடு, ‘டி’ எழுத்து, என்டர். வரிசையாக எண்கள் இறங்கும். 2, 3, 2 மில்லிசெகண்ட் என்று சீராக வந்தால் உங்கள் வீட்டுக்குள் வைஃபை நலம். 3, 280, 5, 410 என்று தாவினாலோ நடுநடுவே ‘ரிக்வெஸ்ட் டைம்டு அவுட்’ என்று வந்தாலோ, கோளாறு கம்ப்யூட்டருக்கும் ரூட்டருக்கும் நடுவில். தெருக்கம்பத்து ஒயரை எத்தனை முறை மாற்றினாலும் இது தீராது. கன்ட்ரோலையும் ‘சி’யையும் சேர்த்து அழுத்தினால் சோதனை நிற்கும். பின்பு ரூட்டர் எண்ணுக்குப் பதில், வீட்டுக்கு வெளியே இணையத்தில் இருக்கும் 8.8.8.8 என்ற எண்ணைப் போட்டுப் பாருங்கள். ரூட்டர் சீராக இருந்து இது மட்டும் தாவினால், அப்போது தாராளமாகப் புகார் செய்யலாம்.

லேப்டாப்பில் கீபோர்டு மாற்றினேன். அன்றிலிருந்து ரூட்டர் பக்கத்தில் உட்கார்ந்தாலும் சிக்னல் ஒரே கோடுதான்.

ஆன்டெனா ஒயரைத் திரும்ப மாட்டாமல் விட்டிருப்பார்கள். லேப்டாப்புக்குள் இருக்கும் வைஃபை கார்டு தீப்பெட்டியை விடச் சிறியது. திரையைச் சுற்றிப் பதித்த ஆன்டெனாவிலிருந்து கறுப்பும் வெள்ளையுமாக (சிலவற்றில் சாம்பல் நிறம்) இரண்டு மெல்லிய ஒயர்கள் கீல் வழியாக இறங்கி, அந்தக் கார்டில் இரண்டு குட்டிப் பொத்தான்கள் போல மாட்டும். விரலால் அழுத்தினால் ‘டிக்’ என்று உட்காரும். சரியாக உட்காராவிட்டால் கண்ணுக்கும் தெரியாது. கழற்றிய கடையிலேயே கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள், சில நிமிட வேலை. திரையைச் சாய்க்கும்போது சிக்னல் ஏறி இறங்கினால், கீலுக்குள் ஒயர் நைந்துவிட்டது என்று அர்த்தம்.

அரசு கொடுத்த பழைய லேப்டாப். ‘5ஜி’ என்று முடியும் வைஃபை பெயர் செல்போனில் தெரிகிறது, இதில் தெரியவே இல்லை.

தமிழக அரசு 2011-ல் இலவச லேப்டாப் கொடுக்கத் தொடங்கிய காலத்தில், விலை குறைந்த மாடல்களில் 2.4 கிகாஹெர்ட்ஸ் கார்டு மட்டும் இருப்பது சகஜம். ரூட்டர் பெயரில் வரும் ‘5ஜி’ என்பது 5 கிகாஹெர்ட்ஸ். செல்போன் கம்பெனியின் 5ஜி வேறு. 2.4-ல் நம் நாட்டில் உரிமமின்றிப் பயன்படுத்தக் கிடைப்பது 83.5 மெகாஹெர்ட்ஸ் அகலம்தான். ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என மூன்றே. சுவரோடு சுவர் ஒட்டிய தெருவில் அத்தனை வீட்டு ரூட்டரும் அதில்தான் நெருக்கியடிக்கின்றன, புளூடூத்தும் அங்கேயே. 5 கிகாஹெர்ட்ஸில் மத்திய அரசு 2018 அக்டோபரில் திறந்துவிட்டது 605 மெகாஹெர்ட்ஸ்.

லேப்டாப்பை மாற்ற வேண்டியதில்லை. ‘டூயல் பேண்ட்’ என்று அட்டையில் போட்ட யுஎஸ்பி வைஃபை அடாப்டர் ஒன்று வாங்கிச் செருகினால் போதும். ஆனால் ரூட்டர் கீழ்த்தளத்தில், நீங்கள் மாடி அறையில் என்றால் கான்கிரீட்டைத் தாண்ட 5 கிகாஹெர்ட்ஸ் திணறும், அங்கே 2.4 தான் தாக்குப்பிடிக்கும்.

அப்படி ஓர் அடாப்டரை டெஸ்க்டாப்பின் பின்னால் செருகியிருக்கிறேன். அப்படியும் விட்டு விட்டுத்தான் வருகிறது.

இரும்பு கேபினெட்டுக்கும் சுவருக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட ஆன்டெனா என்ன செய்யும்? ஒரு யுஎஸ்பி நீட்டிப்பு ஒயர் போட்டு மேஜை மேல் கொண்டுவாருங்கள். பக்கத்தில் யுஎஸ்பி 3.0 ஹார்ட் டிஸ்க் இருந்தால் தள்ளி வையுங்கள். அது இயங்கும்போது 2.4 கிகாஹெர்ட்ஸில் இரைச்சல் கிளப்பும் என்று இன்டெல் நிறுவனமே 2012-ல் ஆவணமாக வெளியிட்டது. என்னைக் கேட்டால், இடம் மாறாத டெஸ்க்டாப்புக்கு வைஃபையே வேண்டாம். லேன் கேபிள் இழுத்துவிடுங்கள், 100 மீட்டர் வரை கவலையில்லை. எட்டு ஒயரையும் கிரிம்ப் செய்யச் சொல்லுங்கள். நான்கோடு நிறுத்தினால் வேகம் 100 எம்பிபிஎஸ்ஸைத் தாண்டாது.

சார்ஜரில் இருந்தால் வேகம், கழற்றினால் மந்தம்.

மின்சாரத்தை மிச்சம் பிடிக்க விண்டோஸ் வைஃபை கார்டைத் தூங்கவைக்கிறது. டிவைஸ் மேனேஜர், நெட்வொர்க் அடாப்டர்ஸ், உங்கள் வைஃபை கார்டு, பவர் மேனேஜ்மென்ட் என்று போய் அங்குள்ள முதல் டிக்கை எடுத்துவிடுங்கள்.

100 எம்பிபிஎஸ் பிளான். டவுன்லோடு 11, 12-க்கு மேல் காட்டவில்லை.

குறையே இல்லை. பிளான் மெகாபிட்டில், டவுன்லோடு காட்டுவது மெகாபைட்டில். எட்டால் வகுத்துப் பாருங்கள்.

ரிப்பீட்டர் வாங்கச் சொல்கிறார்கள்.

மற்றவை எல்லாம் அதே இடத்தில் நன்றாக ஓடும்போது எதற்கு? சாதாரண ரிப்பீட்டர் ஒரே சேனலில் வாங்கி, அதிலேயே திருப்பி அனுப்புவதால் வேகம் ஏறக்குறைய பாதியாகும்.

விண்டோஸ் அப்டேட் ஆன மறுநாளிலிருந்துதான் இந்தத் தொல்லை.

அதே டிவைஸ் மேனேஜரில் வைஃபை கார்டின் ‘டிரைவர்’ பக்கத்தில் ‘ரோல் பேக் டிரைவர்’ கறுப்பு எழுத்தில் இருந்தால் அழுத்துங்கள், பழைய டிரைவர் திரும்பிவிடும். மங்கலாக இருந்தால், லேப்டாப் தயாரித்த கம்பெனியின் தளத்தில் உங்கள் மாடல் எண்ணுக்கான டிரைவரை எடுத்துப் போடுங்கள். ‘நெட்வொர்க் ரீசெட்’ கடைசி வழி. அதைச் செய்தால் சேமித்த வைஃபை பாஸ்வேர்டுகள் எல்லாம் அழிந்துவிடும் என்பதால், முதலில் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.