பனியன் போகிறது, விஸ்கி வருகிறது

பின்னலாடை ஏற்றுமதி நிறுவனமொன்றில் பணியாற்றும் என் பழைய மாணவர், லண்டன் சென்று திரும்பியபோது ஒரு புட்டியைக் கொண்டுவந்து கொடுத்தார். “சார், இது தீவுச் சரக்குதான், ஆனால் புகை வாடை அடிக்காது” என்றார்.

ஸ்காட்லாந்தின் ஐலா தீவு புகைமணத்துக்குப் பெயர்போனது. சதுப்பு நிலத்தில் வெட்டியெடுக்கும் ‘பீட்’ அங்கே காலங்காலமாக எரிபொருள். முளைகட்டிய பார்லியை அதன் புகையில் உலர்த்தும்போது பீனால் சேர்மங்கள் தானியத்தில் படிகின்றன. முதன்முறை அருந்துவோர் ‘மருத்துவமனை வாடை’ என்று முகம் சுளிப்பது அதனால்தான். அதே தீவில் 1881இல் தொடங்கப்பட்ட புன்னஹாவன் ஆலையோ, 1960களிலிருந்து பெரும்பாலும் புகையூட்டாத பார்லியையே பயன்படுத்துகிறது. மாணவர் தந்தது அதன் 12 ஆண்டு விஸ்கி, 46.3 சதவீத ஆல்கஹால். சில துளி நீர் விட்டுப் பொறுத்திருந்தால் உலர்திராட்சையும் வறுத்த கொட்டையும் மணக்கின்றன. கடைசியில் நாவில் மெல்லிய உப்பு. கடற்காற்று பீப்பாய்க்குள் புகுவதால் வரும் உப்பு என்பார்கள். எனக்கு அதில் ஐயம் உண்டு.

பொருளியல் படித்தவனை ஈர்ப்பது அந்தப் பன்னிரண்டு ஆண்டுகள்தான். ஓக் பீப்பாயிலிருந்து ஆண்டுதோறும் ஆவியாகும் பங்கை ‘தேவதைகளின் பங்கு’ என்கிறார்கள். ஸ்காட்லாந்தின் குளிரில் அது சுமார் 2 சதவீதம். பன்னிரண்டு ஆண்டுகளில் ஏறத்தாழ 22 சதவீதம் போய்விடும். பெங்களூரின் வெப்பத்தில் ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கும் மேல். அதே காலம் காத்திருந்தால் பீப்பாயில் மிஞ்சுவது கால்பங்குதான். ஆகவே, 2004இல் கிளாஸ்கோவில் அறிமுகமான நம் ‘அம்ருத்’ சிங்கிள் மால்ட், சில ஆண்டுகளிலேயே முதிர்ந்து புட்டிக்கு வந்துவிடுகிறது. அங்கே முதலீட்டை விழுங்குவது வட்டி, இங்கே வெயில். இந்தியாவில் விஸ்கி என்ற பெயரில் விற்பவற்றில் பெரும்பகுதியோ கரும்பாலைக் கழிவுப்பாகிலிருந்து வடித்த சாராயம் கலந்தது. ஐரோப்பியச் சட்டம் அதை விஸ்கி என்றே ஏற்பதில்லை.

2025 ஜூலை 24 அன்று கையெழுத்தான இந்திய - பிரிட்டன் வர்த்தக ஒப்பந்தம் இந்தப் புட்டியையும் திருப்பூரையும் ஒரே தாளில் இணைத்திருக்கிறது. ஸ்காட்ச் மீதான 150 சதவீத இறக்குமதி வரி முதலில் 75 ஆகவும், பத்தாண்டுகளில் 40 ஆகவும் குறையும். நூறு ரூபாய்க்கு வந்திறங்கும் புட்டி வரியோடு 250 ரூபாயாக இருப்பது 175 ஆகி, பிறகு 140 ஆகும். மாற்றாக, நம் ஆடைகள் மீது பிரிட்டன் விதித்த 12 சதவீதம் வரையிலான வரி நீங்கும். வங்கதேசம் ஏற்கெனவே வரியின்றி அனுப்பிக்கொண்டிருக்கிறது என்பதால், திருப்பூருக்கு இது சலுகை என்பதைவிடச் சமநிலை என்பதே பொருந்தும்.

புட்டியின் விலை உண்மையில் இறங்குமா? மது மாநிலப் பட்டியலில் இருக்கிறது. தமிழகத்தில் 2003 முதல் சில்லறை விற்பனை டாஸ்மாக்கின் தனியுரிமை. மத்திய அரசு விட்டுக்கொடுக்கும் வரியை மாநிலம் தன் ஆயத்தீர்வையாலும் விற்பனை வரியாலும் எடுத்துக்கொள்ளத் தடையில்லை. தவிர, ஸ்காட்சில் கணிசமான பகுதி மொத்தமாக வந்து இங்கே உள்நாட்டு விஸ்கியுடன் கலக்கப்படுகிறது. அதன் இலாபம் குடிப்பவரைவிட முதலில் ஆலைகளுக்கே போகும்.

இதைச் சாமளாபுரத்திலிருந்து எழுதுவதில் ஒரு தயக்கமும் உண்டு. நெடுஞ்சாலை மதுக்கடைகளை அகற்றும்படி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டதும், கடைகள் ஊர்களுக்குள் இடம்பெயர்ந்தன. 2017 ஏப்ரல் 11 அன்று இங்கே கடையை எதிர்த்து மறியல் செய்தவர்கள்மீது தடியடி நடந்தது. காவல் அதிகாரி ஒருவர் ஒரு பெண்ணைக் கன்னத்தில் அறைந்த காட்சியை நாடே பார்த்தது. அந்தப் பெண்கள் எதிர்த்தது சிங்கிள் மால்ட்டை அல்ல, கூலிப் பணத்தைத் தின்னும் குவார்ட்டரை. வர்த்தக ஒப்பந்தம் அந்தக் குவார்ட்டரைத் தொடவேயில்லை. எங்கள் ஊரின் விசைத்தறிகளில் நெய்யப்படும் காடாத்துணிக்கும் அதனால் நேரடி ஆதாயம் குறைவு. கூலி உயர்வைக் கேட்டுத் தறிக்காரர்கள் பேச்சுவார்த்தைக்குப் போவது பழையபடியே தொடர்கிறது.