பாட்டிக்கு ஏற்ற நாய் எது?

மேற்கு மாம்பலத்தில் எனக்குத் தெரிந்த மாமி ஒருவர் இருக்கிறார். வயது 71. மாமா காலமாகி நான்கு வருஷம் ஆகிறது. பிள்ளை கலிபோர்னியாவில், பெண் பூனாவில். 'அம்மா தனியாக இருக்கிறாளே!' என்ற கவலையில், சென்ற வருஷம் ஊருக்கு வந்த பிள்ளை ஒரு நாய்க்குட்டியை விலைக்கு வாங்கிக் கொடுத்துவிட்டு, நிம்மதியாக விமானம் ஏறிவிட்டான்.

பத்தே நாளில் மாமி எனக்கு ஆள் அனுப்பினார். போய்ப் பார்த்தால், கூடத்தில் செருப்பு ஒன்று குதறிக் கிடந்தது. மாமியின் முழங்கையில் பிளாஸ்திரி!

"ஏண்டி, எனக்கு எழுபத்தொரு வயசு ஆறது. இதுக்கு எழுபத்தொரு நாள்கூட ஆகலே. யாரை யார் வளர்க்கறது, நீயே சொல்லு!" என்றார்.

குட்டி, அடுத்த தெருவில் மூன்று பையன்கள் இருக்கும் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. அதற்கும் சந்தோஷம், பையன்களுக்கும் சந்தோஷம். மாமியின் வீடு மட்டும் மறுபடி வெறிச்சென்று ஆகிவிட்டது.

குட்டி எதற்கு?

தனியாக இருக்கும் பெரியவர்களுக்கு நாய் நல்ல துணைதான். வேளைக்குச் சோறு போட வேண்டும், காலையும் மாலையும் வெளியே அழைத்துப் போக வேண்டும் என்பதாலேயே அவர்களுடைய பொழுதுக்கும் ஓர் ஒழுங்கு வந்துவிடுகிறது. ஆனால் குட்டி என்றால் நாளைக்கு மூன்று, நான்கு வேளை ஆகாரம். இரவில் இரண்டு தடவை எழுந்திருப்பது. பல் விழுந்து முளைக்கும் மாதங்களில் கண்டதையெல்லாம் கடிப்பது. இத்தனையும் உண்டு. காலைச் சுற்றி ஓடி, ஆளைக் கீழே தள்ளினாலோ இடுப்பெலும்புக்கே ஆபத்து!

ஏழெட்டு வயதான நாய் அப்படியல்ல. அதன் குணம் நிலைத்துவிட்டது. சாதுவா, முரடா என்பதை முன்கூட்டியே தெரிந்துகொள்ளலாம். பிராணிகள் காப்பகங்களில் இப்படிப்பட்ட நாய்கள் எத்தனையோ உண்டு. வளர்த்தவர் காலமானதாலோ, வீடு மாறியதாலோ அங்கே வந்து சேர்ந்தவை. வருகிறவர்கள் குட்டிகளையே தூக்கிக்கொண்டு போய்விடுவதால் இவை காத்திருக்கின்றன.

சென்னைக்கு இந்தத் தொண்டு புதிதல்ல. கேப்டன் சுந்தரமும், சுதந்திர இந்தியாவின் முதல் பெண் விமானிகளுள் ஒருவரான அவர் மனைவி உஷா சுந்தரமும் 1959-ல் தொடங்கியதுதான் புளூ கிராஸ். இன்றும் வேளச்சேரிப் பக்கம் நடந்து வருகிறது.

கைத்தடியைக் கண்டு நடுங்குமா?

காப்பகத்துக்குப் போன அன்றே நாயை அழைத்து வந்துவிடாதீர்கள், சகோதரிகளே! இரண்டு மூன்று தடவை போய்ப் பாருங்கள். வளர்க்கப் போகிற பெரியவரே போக வேண்டும். ஒரு நாற்காலியில் பேசாமல் உட்காரட்டும். நாய் தானாக வந்து முகர்ந்து பார்க்கட்டும்.

முக்கியமான சோதனை கைத்தடி. தெருவில் அடிபட்ட நாய் தடியைக் கண்டாலே நடுங்கும், அல்லது சீறும். தடியூன்றி நடப்பவருக்கு அது ஒத்துவராது. பிறகு, சங்கிலியைப் பெரியவர் கையிலேயே கொடுத்துப் பத்து நிமிஷம் நடக்கச் சொல்லுங்கள். இழுக்கிறதா, கூடவே நடக்கிறதா என்பது தெரிந்துவிடும். வீட்டில் மாடிப்படி உண்டென்றால், அது படி ஏறுமா என்றும் கேளுங்கள்.

கருத்தடை ஆகிவிட்டதா, வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட்டாயிற்றா என்று விசாரிப்பது அவசியம். ஊசியை டாக்டர் சொல்லும் கெடுவில் தவறாமல் போட வேண்டும். மாநகராட்சியில் உரிமமும் வாங்க வேண்டும். 'அடுக்கு மாடிக் குடியிருப்பில் சங்கத்தார் ஆட்சேபிப்பார்களே?' என்று பயப்பட வேண்டாம். பிராணிகள் நல வாரியம் 2015-ல் வெளியிட்ட நெறிமுறைகளின்படி, பெரும்பான்மை வாக்கெடுத்துக்கூட நாய் வளர்ப்பதைச் சங்கம் தடுக்க முடியாது. ருக்மிணி தேவி அருண்டேலின் முயற்சியால் 1962-ல் பிறந்த வாரியம் அது.

சமையலறை விஷயம் ஒன்று: வெங்காயம், திராட்சை, சாக்லேட் மூன்றும் நாய்க்கு விஷம். பாயசத்தில் மிஞ்சிய உலர்ந்த திராட்சையைக்கூடப் போடக் கூடாது!

"எனக்கு அப்புறம்?"

இதையெல்லாம் மாமியிடம் சொன்னபோது அவர் வெகு நேரம் பேசவில்லை. பிறகு, "எல்லாம் சரிதாண்டி. நான் போயிட்டா இதுக்கு யாரு?" என்றார்.

பெரியவர்கள் பலர் நாய் வேண்டாம் என்பதற்கு உண்மையான காரணம் இதுதான். தட்டிக் கழிக்கக் கூடிய கேள்வியல்ல. வீட்டு நாய் பன்னிரண்டு, பதினான்கு வருஷங்கூட இருக்கும். குட்டியை வளர்த்தால் மாமிக்கு 83 வயது ஆகும்போதும் அதற்கு ஆள் வேண்டும். எட்டு வயது நாய்க்கு அவ்வளவு நீண்ட கணக்கு இல்லை. அதன் முதுமையும் மாமியின் முதுமையும் ஏறக்குறைய ஒன்றாகவே நடக்கும்.

இருந்தாலும் ஏற்பாடு செய்து வைக்கத்தான் வேண்டும். மாமி செய்தார். எதிர்வீட்டுப் பெண் சம்மதித்தாள். அவள் பெயரை ஒரு காகிதத்தில் எழுதி, டாக்டரின் போன் நம்பரும் சேர்த்து, அலமாரிக் கதவில் ஒட்டினார். யாராலும் முடியாமற்போனால் திரும்பப் பெற்றுக்கொள்வதாகக் காப்பகத்தாரிடமும் எழுதி வாங்கிக்கொண்டார். முதல் பதினைந்து நாள் பரீட்சார்த்தமாக வைத்துக்கொள்வது என்று பேச்சு.

காது நுனி கத்தரித்த பழுப்பு நிற நாய் ஒன்று வந்தது. பெயர் மணி. முதல் மூன்று நாள் கட்டிலடியை விட்டு வரவில்லை. குக்கர் கூவினால் நடுங்கியது. மாமி அதை வற்புறுத்தவில்லை. நாலாம் நாள் சாயங்காலம், விளக்கேற்றிவிட்டு அவர் ஊஞ்சலில் உட்கார்ந்தபோது, மெல்ல வந்து காலடியில் படுத்துக்கொண்டது.

பதினைந்து நாள் கெடு எப்போதோ முடிந்துவிட்டது. போன வாரம் மாமியிடம், "காப்பகத்துக்குப் பதில் சொல்லிவிட்டீர்களா?" என்று கேட்டேன்.

"மெதுவாப் பேசுடி, மணி தூங்கறான்!" என்றார்.