இணைய வானொலி: பெட்டியை விட முகவரி முக்கியம்

கடையில் 'இன்டர்நெட் ரேடியோ' என்று விற்கிறார்களே, பார்க்க வானொலி மாதிரிதான் இருக்கும். உள்ளே இருப்பது ஒரு குட்டிக் கம்ப்யூட்டர், வைஃபை, ஸ்பீக்கர். அவ்வளவுதான். நீங்கள் ஒரு நிலையத்தின் பெயரைத் தட்டியதும் பெட்டி நேராக அந்த நிலையத்துக்குப் போவதில்லை. வேறொரு சர்வரிடம் போய், "இந்தப் பேருக்கு என்ன முகவரி?"ன்னு கேட்கும். பெட்டிக்கு முகவரி எதுவும் தெரியாது. எல்லாம் அந்தப் பட்டியல் சர்வரில்தான்.

இதில் என்ன சிக்கல்? ரெசிவா என்றொரு பட்டியல் சேவை இருந்தது. பல கம்பெனிப் பெட்டிகள் அதை நம்பித்தான் ஓடின. 2021-ல் அதை மூடினார்கள். நிலையங்கள் பாட்டுக்குப் பாடிக்கொண்டிருந்தன, ஸ்பீக்கர் பழுதில்லை, வைஃபையும் சரி. ஆனால் பெட்டிக்கு வழி சொல்ல ஆளில்லை. 2023-ல் பிபிசி தன் பழைய ஷவுட்காஸ்ட் எம்பி3 ஓடைகளை நிறுத்தியபோது, புது முறை புரியாத பழைய பெட்டிகளில் பிபிசி போயிற்று. நம்ம தாத்தா வாங்கிய மர்பி ரேடியோவுக்கு இந்தக் கண்டம் கிடையாது.

அதனால்தான் முகவரியைக் கையில் வைத்திருக்கணும் என்கிறேன். பல நிலையங்கள் தங்கள் தளத்திலேயே எம்3யு அல்லது பிஎல்எஸ் கோப்பு ஒன்றைத் தருகின்றன. அதை நோட்பேடில் திறந்து பாருங்க. பாட்டு எதுவும் இருக்காது, எச்டிடிபி-யில் தொடங்கும் ஓரிரு வரிதான். அதுதான் முகவரி. விஎல்சி-யில் கன்ட்ரோல்+என் அழுத்தி அதை ஒட்டினால் பாடும். புதிய நிலையங்கள் தேட, பயனர்களே சேர்ந்து தொகுக்கும் 'ரேடியோ பிரவுசர்' நல்ல இடம். உலக உருண்டையைச் சுழற்றி ஊர் ஊராகக் கேட்க, நெதர்லாந்திலிருந்து 2016-ல் வந்த 'ரேடியோ கார்டன்' இருக்கு. பொழுது போவதே தெரியாது, எச்சரிக்கை!

டேட்டா கணக்கு: 128 கேபிபிஎஸ் ஓடை என்றால் நொடிக்கு 16,000 பைட். ஒரு மணி நேரத்துக்கு சுமார் 58 எம்பி. பேச்சுக்கு 64 கேபிபிஎஸ் தாராளம்.

நிலையத்தின் பக்கம்தான் கணக்கு கடினம். மீடியம் வேவ் கோபுரத்துக்குப் பத்துப் பேர் கேட்டாலும் பத்து லட்சம் பேர் கேட்டாலும் ஒரே கரண்ட் பில். இணையத்தில் பொதுவாக ஒவ்வொருத்தருக்கும் தனிப் பிரதி போகணும். ஆயிரம் பேர் கேட்டால் 128 எம்பிபிஎஸ். விளம்பரம் இல்லாமல், நேயர்கள் தரும் பணத்தில் நடக்கும் ரேடியோ பாரடைஸ், சோமா எஃப்எம் போன்றவை ஆண்டுக்கணக்காக நிற்பது எனக்கு இன்னும் ஆச்சரியம்தான். ஆள் இல்லாத அறையில் ஓடையை ஓட விட்டுப் போகாதீங்க; செலவு அவங்களுக்கு.

இன்னொன்று, தாமதம். வலை தடங்கினாலும் பாட்டு அறுபடக்கூடாதென்று கருவி சில நொடிகளைச் சேமித்து வைத்துத்தான் பாடத் தொடங்கும். செய்திக்கு முன் வரும் பீப் ஒலியை வைத்துக் கடிகாரத்தைத் திருத்தாதீங்க. கிரிக்கெட் வர்ணனையென்றால் பக்கத்து வீட்டுக் கூச்சல் முதலில் வரும், விக்கெட் அப்புறம்தான் விழும்.

வீட்டில் சும்மா கிடக்கும் பழைய போன், ஒரு ஸ்பீக்கர், விஎல்சி: இது போதும். பிடித்த நிலையங்களின் முகவரிகளை ஒரே எம்3யு கோப்பில், வரிக்கு ஒன்றாக எழுதி வைங்க. முகவரி மாறினால் அந்த ஒரு வரியை மட்டும் திருத்தினால் ஆயிற்று.