கீபோர்டு செத்துப் போச்சுன்னு நினைச்சேன்!

காலேஜ் படிக்கும் என் மகள், கழற்றி மாட்டுகிற கீபோர்டு உள்ள டேப்லெட்டில்தான் பாடமெல்லாம் எழுதுவாள். மறுநாள் ப்ராஜெக்ட் கொடுக்கணும். முந்தின நாள் சாயங்காலம் ஓர் எழுத்துகூட விழவில்லை. அழாத குறை. கடைக்காரரோ, "அது போச்சும்மா, புதுசு ரூ.6,000 ஆகும்" என்றார். தையல் தைத்து நான் சேர்த்ததே அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்து கீபோர்டைத் திருப்பிப் பார்த்தேன். டேப்லெட்டோடு ஒட்டும் விளிம்பில் வரிசையாகச் சின்னச் சின்ன உலோகப் புள்ளிகள். எங்களுடையதில் தனி பேட்டரி கிடையாது. கரண்டு, தகவல் எல்லாமே அந்தப் புள்ளிகள் வழியாகத்தான் போகுமாம். அதன்மேல் மங்கலாக ஒரு படலம்! முறுக்கு தின்றுகொண்டே டைப் அடித்தால் வேறென்ன ஆகும்?

டேப்லெட்டை ஆஃப் செய்து, மெடிக்கல் ஷாப்பில் வாங்கிய ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சுக் குச்சியில் லேசாகத் தொட்டு இரண்டு பக்கமும் துடைத்தேன். (தண்ணீர் மட்டும் வேண்டாம்.) நன்றாகக் காய்ந்ததும் மாட்டினால்... ஊஹூம்! எனக்கு வயிற்றைக் கலக்கியது. அப்புறம்தான் மகள், "அம்மா, இந்த உறை முட்டுது பாரு" என்றாள். போன மாதம் ஆசையாக வாங்கிப் போட்ட தடிமனான உறை, கீபோர்டைச் சரியாக ஒட்ட விடவில்லை. அதைக் கழற்றிவிட்டு, டேப்லெட்டை ஒருமுறை அணைத்துப் போட்டதும் எழுத்து கடகடவென்று ஓடியது.

ப்ளூடூத் கீபோர்டு வைத்திருப்பவர்கள் முதலில் சார்ஜ் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தும் சேரவில்லையென்றால், டேப்லெட்டின் ப்ளூடூத் பட்டியலில் அதன் பெயரை நீக்கிவிட்டு, புதிதாக இணைக்க வேண்டும். பக்கத்து வீட்டு அக்காவுக்கு அப்படித்தான் சரியாச்சு.

- ஒரு வாசகி, கும்பகோணம்